சுழி அடைத்தால் பிரஷரைக் கூட்டாதீர்கள்

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோலாலம்பூரில் சட்டை அச்சடிக்கும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் மஞ்சள் துணிதான் அடுக்கி இருக்கும். செகாம்புட்டில் நான் வேலை பார்க்கும் இடத்திலும் அப்படித்தான். பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடும் ஒரு குழுவுக்கு 400 சட்டை. நெஞ்சில் இடப்பக்கம் ஒரு வேல், அதன் கீழே அரக்கு நிறத்தில் ‘தண்ணீர்ப் பந்தல் குழு’ என்று பொடி எழுத்து. எழுத்தின் உயரம் 7 மில்லிமீட்டர்கூட இல்லை.

நாற்பது சட்டை ஓடியிருக்கும். டிரையரிலிருந்து வந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘தண்ணீர்’ என்பதில் மூன்று சுழி ‘ண’வுக்குச் சுழியே இல்லை. உள்ளே மை நிரம்பி ஒரே கட்டியாக நின்றது. ‘ர்’ மேல் இருக்க வேண்டிய புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கொம்பு மாதிரி தெரிந்தது. மெஷினில் நின்ற தம்பியைக் கேட்டேன்.

“மை சரியா இறங்கலண்ணே, ஸ்கிரீன்லயே நிக்குது. அதான் பிரஷரைக் கொஞ்சம் கூட்டினேன்.”

“எத்தனை தடவை கூட்டின?”

“மூணு தடவை.”

நல்ல வேலைக்காரன் அவன். ஸ்கிரீன் கட்டுவதில், அதாவது அச்சடிக்கும் வலையைப் பிரேமில் இழுத்துக் கட்டுவதில், அவன் கை சுத்தம். ஆனால் இந்தத் தொழிலில் எல்லோரையும் போலத்தான் அவனும் பழகியிருந்தான். ஆட்டோ மெஷினில் அழுத்தத்தைக் கூட்டும் குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஸ்கிரீனுக்கும் சட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆஃப்-காண்டாக்ட் என்று நாம் சொல்வது அந்த இடைவெளியைத்தான்.

ஸ்குவீஜி, அதாவது மையைத் தள்ளும் ரப்பர் பட்டை, ஓடும்போது அதன் விளிம்புக்கு நேர் கீழே, ஒரு கோடு அளவுக்கு மட்டுமே மெஷ், அதாவது ஸ்கிரீனின் வலை, சட்டைத் துணியைத் தொட வேண்டும். விளிம்பு தாண்டிப் போன அடுத்த நொடியே மெஷ் தானாக மேலே எழும்ப வேண்டும். ஸ்டிக்கரை ஓர் ஓரத்திலிருந்து உரிப்பது மாதிரி. அப்படி எழும்பினால்தான் மெஷ் கண்களில் இருக்கும் மை துணியில் தங்கும், ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். இடைவெளி போதாவிட்டால் மெஷ் ஈர மையில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். பிறகு ஹெட் (ஸ்கிரீனைப் பிடித்திருக்கும் பாகம்) தூக்கும்போது மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வரும், பாதி மையையும் கூட்டிக்கொண்டு. ‘மை இறங்கவில்லை’ என்று தம்பி பார்த்தது அதைத்தான். அதற்கு மருந்தாக அழுத்தத்தைக் கூட்டினால் மை ஸ்டென்சிலுக்கு (எழுத்து தவிர மற்ற மெஷ் கண்களை அடைத்திருக்கும் படலம்) அடியில் பக்கவாட்டில் பிதுங்கும். முதலில் பலியாவது சுழியும் புள்ளியும்தான். கட்டை கட்டையான ரோமன் எழுத்துகளில் இது ஓரளவு மறைந்துவிடும். தமிழில் மறையாது. ‘ண’வின் ஒரு சுழி போனால் படிப்பவருக்கு அது வேறு எழுத்து.

மெஷினை நிறுத்தி அளந்தோம். முன்பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது. பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. சட்டையை விரித்து மாட்டும் பலகையான பேலட்டின் பின்பாதியில் பழைய டேப்பை உரிக்காமல் அதன் மேலேயே புது டேப் ஒட்டி, அதற்கு மேல் பசையும் பஞ்சும் படிந்து மேடு கட்டியிருந்தது. ஸ்கிரீனின் இழுவிசையையும் மீட்டரில் பார்த்தோம், சென்டிமீட்டருக்கு 16 நியூட்டன். புதிதாகக் கட்டியபோது 25 இருந்த ஸ்கிரீன் அது. தளர்ந்த மெஷ் எழும்புவதற்குக் கூடுதல் இடம் கேட்கும். நாங்கள் கொடுத்ததோ குறைவு.

பேலட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நான்கு மூலையிலும் 3 மில்லிமீட்டர் வைத்தோம். அப்புறம் அழுத்தத்தைக் குறைக்க ஆரம்பித்தோம். 4 பாரில் இருந்தது இரண்டரைக்கு வந்தபோதும் மை சுத்தமாக இறங்கியது. ‘ண’வின் மூன்று சுழியும் திறந்துகொண்டன. கெட்டுப்போன நாற்பது சட்டைக்கு முதலாளி தன் கையிலிருந்து புதுத் துணி வாங்கினார்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண டீ-சட்டைக்கு ஒன்றரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை. மெஷ் 25 நியூட்டனும் அதற்கு மேலும் இருந்தால் கீழ் அளவே போதும். தளர்ந்திருந்தால் மேல் அளவு தேவைப்படும். ஆனால் தளர்ந்த ஸ்கிரீனுக்கு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதைவிட அதைக் கழற்றி மறுபடி கட்டுவதுதான் முறை. அளவைச் சட்டையின் மேற்பரப்பிலிருந்து எடுங்கள், வெறும் பேலட்டிலிருந்து எடுக்காதீர்கள். டீ-சட்டை ஓடிய அதே செட்டிங்கில் ஹூடி ஏற்றினால் துணியின் தடிமனே இடைவெளியைத் தின்றுவிடும். அடியில் வெள்ளை மை அடித்து, ஃபிளாஷ் பண்ணிய (சூட்டில் சற்றுக் காயவைத்த) பிறகு அதன் மேல் வரும் நிறங்களுக்கும் அப்படித்தான். கீழே மை ஏற்கெனவே மேடாக இருக்கிறது, சூட்டில் கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருக்கும். அந்த ஹெட்டுகளுக்கு ஒரு துளி கூடுதலாக வைப்பேன்.

சிலர் பயந்துகொண்டு ஒரேயடியாக 6 மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் கெடுதல்தான். உள்ளளவு 600 மில்லிமீட்டர் உள்ள பிரேமில், நடுவில் 3 மில்லிமீட்டர் கீழே அழுத்தினால் மெஷ் 0.03 மில்லிமீட்டர் நீளும். 6 மில்லிமீட்டர் அழுத்தினால் 0.12. பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் கணக்குதான், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிறது. பிரேமின் ஓரத்திலிருந்து 100 மில்லிமீட்டரில் அதே 6-ஐ அழுத்தினால் 0.2-ஐத் தாண்டும். நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு என்று படம் இழுபடுகிறது என்று பொருள். மெஷ் சீக்கிரம் தளரும், ஸ்டென்சில் ஓரம் உடையும், ஸ்குவீஜி ரப்பர் தேயும்.

பல நிறம் ஓட்டுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறங்கள் சரியாகப் பொருந்தி, மேலும் கீழும் போகப் போக விலகினால், நிறங்களைப் பொருத்தும் ரெஜிஸ்டர் குமிழைத் தொடாதீர்கள். அதைத் திருகினால் ஓரம் சரியாகும்போது நடு கெடும். மணிக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு ஹெட்டின் இடைவெளியோ இழுவிசையோ மற்றவற்றிலிருந்து மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு பேலட்டில் மட்டும் அச்சு கெடுகிறது என்றால் குறை அந்தப் பேலட்டில். எல்லாப் பேலட்டிலும் ஒரே நிறம் கெடுகிறது என்றால் குறை அந்த ஹெட்டில். எல்லாப் பேலட்டும் ஒரே மட்டத்தில் இல்லாதவரை இடைவெளியைச் சரிசெய்வதில் பயனில்லை. ஒரு பேலட்டுக்குச் சரியாக வைத்தது அடுத்ததற்குத் தப்பாகும்.

இனி நான் சொல்லப்போவதை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். இடைவெளியை அளக்க ஹெட் கீழே இறங்கி இருக்க வேண்டும், நம் கை அதற்குப் பக்கத்தில் போக வேண்டும். பல வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர், விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து அளவு சொல்வார். அதில் அவருக்குப் பெருமைகூட. ஒரு நாள் அவர் விரல் உள்ளே இருக்கும்போது, சட்டை எடுக்கும் பக்கத்தில் நின்ற இன்னொருவர், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்டார்ட்டை அழுத்திவிட்டார். பேலட் சுழன்றது. அளந்துகொண்டிருந்தவருக்கு இரண்டு விரலில் எலும்பு முறிந்தது. மெஷின் சத்தத்தில் அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துத்தான் ஓடினேன்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டால் எல்லா மெஷினிலும் காற்று வெளியேறிவிடும் என்று நம்பாதீர்கள். குழாய்க்குள் அழுத்தம் அப்படியே நிற்கும் மெஷின்களும் உண்டு. உங்கள் மெஷின் எப்படி என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கை உள்ளே இருக்கிறதோ, மெஷின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நினைத்து முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது. நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து வந்து நம்மோடு நிற்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் நாம்தான் சொல்ல வேண்டும்.

அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 3 மில்லிமீட்டர் ஆலன் கீ ஒன்று போதும். நீளமான பக்கத்தைப் பிரேம் ஓரத்தில் படுக்க வைத்து நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். விரல் வெளியிலேயே இருக்கும். அந்தத் தைப்பூச வேலை முடிந்த மறுநாள் தம்பி அதில் ஒன்றுக்குச் சிவப்பு டேப் சுற்றி, கன்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். வேறு எந்தப் போல்ட்டைத் திருகவும் அதை எடுக்கக் கூடாது என்று கார்ட்டனில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறான்.