வாடகைக்குத் தனி வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

தாம்பரம், மேடவாக்கம், ஆவடி பக்கம் தனி வீடு தேடுகிறவர்கள் போர் தண்ணீர் உப்பா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, கார் உள்ளே போகுமா என்றெல்லாம் நன்றாகவே விசாரிக்கிறார்கள். ஒப்பந்தத்தைத்தான் படிப்பதில்லை. "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் சார், கையெழுத்துப் போடுங்க" என்று புரோக்கர் பக்கத்திலேயே நிற்பார். போட்டுவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க நடையாய் நடக்கிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேறிய புதிய வாடகைச் சட்டம் 22.02.2019 முதல் நடப்பில் இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதே, பிறகு எப்படி ஊரெல்லாம் பத்து மாதம் கேட்கிறார்கள்? அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும். 18,000 ரூபாய் வாடகைக்கு 1,80,000 அட்வான்ஸ் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், மூன்று மாத வரம்பு உங்களுக்கு உதவாது. பேரம் பேசுவதென்றால் அதற்கு முன்பே பேசுங்கள்.

பெயிண்டிங்கும் இதே கதைதான். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய், வயரிங் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், தோட்டப் பராமரிப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்தம் செய்யப்படும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அட்டவணையைக் காட்டி வாதாடுவது சுலபமில்லை. நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் இந்த வரி இரண்டாம் பக்கத்தின் அடியில், சாட்சிக் கையெழுத்துக்கு மேலே இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அடுத்தது பதிவு. ஜனங்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். "பதினோரு மாசம்தானே, பதிவு வேண்டாம்" என்பார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கான பேச்சு. புதிய சட்டம் கேட்பது வேறு பதிவு: எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை ரென்ட் அத்தாரிட்டி எனப்படும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் டெனன்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் இழுத்தடித்தால் நீங்களே விண்ணப்பிக்கலாம், சட்டம் இருவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. வாய்ப்பேச்சில் குடியிருப்பவர் நிலைமை இன்னும் மோசம். எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்க முடியும்.

இங்கேதான் அலைச்சல் தொடங்குகிறது. முகவரியில் சென்னை என்று இருப்பதால் எல்லோரும் சென்னைக்கே போகிறார்கள். மடிப்பாக்கம் சென்னை மாவட்டம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி திருவள்ளூர் மாவட்டம். வீடு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்குள்ள வாடகை அதிகாரியைத்தான் பார்க்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். ஒரு கவுன்டரில் "சார்பதிவாளரைப் பாருங்க", அங்கே போனால் "தாலுகா ஆபீஸ் போங்க" என்பார்கள். சரியான இடத்தை எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வராது. கிளம்புவதற்கு முன் வீட்டு வரி ரசீதில் எந்த மாநகராட்சி, எந்த ஊராட்சி என்று பாருங்கள். மாவட்டத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த ரசீது இன்னொன்றையும் சொல்லும். கையெழுத்துப் போடுகிறவர் பெயர் அதில் இருக்கிறதா? அப்பா பெயரில் வீடு, மகன் அட்வான்ஸ் வாங்குகிறார் என்றால், அவருக்கு அந்த அதிகாரம் இருப்பதைக் காட்டும் காகிதத்தைக் கேளுங்கள். வாடகையே இல்லாமல் பெரிய தொகை கொடுத்து லீசுக்குப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீடு வங்கி அடமானத்தில் இருந்தால் உங்கள் பணம் அதோடு போய்விடும். மின் இணைப்பு எண்ணைக் கேட்டு, பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரசீது தரமாட்டேன் என்று சொன்னாலும் வங்கிப் பதிவு சாட்சியாக நிற்கும். வீட்டுக்காரர் தண்ணீரை, கரண்டை நிறுத்தினால் அது சட்டப்படி தவறு. சண்டை போடாமல் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்.

காலி செய்யும்போது பலரும் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து. இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்தில் கட்டவில்லை என்றால் வெளியேற்ற அதுவே காரணம். வீட்டுக்காரர் சம்மதித்தால் அதை எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை. அட்வான்ஸ் வரும்வரை சாவி தரமாட்டேன் என்று நாள் கடத்துவதும் வேண்டாம். காலம் முடிந்த பிறகும் தங்கினால் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகை, அப்புறம் நாலு மடங்கு கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மிச்சத்தை அவர் தந்தாக வேண்டும். அதனால் சாவியைக் கொடுக்கும் அன்றே தேதி, மீட்டர் ரீடிங், திரும்ப வரவேண்டிய தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.