மாசி மாதமும் மரச்சீனிக் குழையும்

மாசி பிறந்தால் நம்ம குமரி மாவட்டத்து விளைகளில் (மேட்டுத் தோட்டங்களில்) யாருக்கும் ஓய்வு கிடையாது. ஏலாவில் (வயலில்) கும்பப்பூ நெல் அறுத்து வைக்கோல் காயப்போட வேண்டும். மேட்டில் மரச்சீனி (மரவள்ளி) பிடுங்க ஆள் தேட வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருக்கும் நேரம் பார்த்து, வயதான மரங்களை வெட்டித் தள்ளி விலைபேசுவார்கள். இதற்கு நடுவே மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வீட்டோடு கிளம்பிவிட்டால், தொழுவில் நிற்கும் ஆடுமாட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கைக்கு எட்டிய குழையை (இலைக்கொப்பை) ஒடித்துப் போட்டுவிட்டுப் போவான். கால்நடை மருத்துவனான எனக்கு இந்த நாட்களில் வரும் மோசமான அழைப்புகளில் பல, அந்தக் கைக்கு எட்டிய மரச்சீனிக் குழையில்தான் தொடங்குகின்றன.

மரச்சீனி நம் விளைகளுக்குத் திருவிதாங்கூர் காலத்துச் சொத்து. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தக் கிழங்குதான் வீடுகளைக் காப்பாற்றியது. அதனால் அதன்மேல் நமக்கு ஒரு நம்பிக்கை; அந்த நம்பிக்கையை ஆட்டுக்கும் நீட்டிவிடுகிறோம்.

மரச்சீனியின் இலையிலும் கிழங்குத் தொலியிலும் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலை முழுதாக நிற்கும்வரை அது சும்மா கிடக்கும். இலை கசங்கினாலோ, வாடினாலோ, ஆடு மென்றாலோ, அதே இலையில் தனியாக ஒதுங்கியிருந்த நொதி அதோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அசைபோடும் பிராணிகளுக்கு இதில் ஆபத்து அதிகம். முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே லினமாரினை உடைத்து நஞ்சைப் பிரித்துக் கொடுத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2 மில்லிகிராம் போதும், உயிர் போக. 25 கிலோ ஆட்டுக்கு 50 மில்லிகிராம் என்று கணக்கு வரும். இளந்தளிராக இருந்தால் ஒரு கிலோ பச்சை இலையிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கக்கூடும். "எங்க கிழங்கு கசக்காது, நல்ல இனம்" என்பார்கள். கிழங்கு கசக்கவில்லை என்பதற்காக இலையை நம்ப முடியாது.

இலையைப் பறித்துப் போட்டால்தான் ஆபத்து என்றில்லை. பிடுங்கிய பிறகு அடுத்த நடவுக்கு என்று கம்புகளைக் கட்டாகக் கட்டி, மாமர நிழலில் நிற்க வைப்போம் அல்லவா? ஒரு கோடைமழை பெய்தால் போதும், கணுவுக்குக் கணு சிவந்த தளிர் விட்டு நிற்கும். அவிழ்ந்த ஆடு முதலில் போவது அங்கேதான். அடுத்தது தொலி. பச்சைத் தொலியைக் கூடையோடு மாட்டின் முன்னால் கவிழ்ப்பதை இன்றும் பார்க்கிறேன். தோல் சீவிய கிழங்கைவிடத் தொலியில் நஞ்சு மிக அதிகம்.

மூன்றாவது, பலரும் நம்ப மறுப்பது: கிழங்கு அவித்து வடித்த தண்ணீர். அதை மாட்டின் காடித் தொட்டியில் ஊற்றுவது பழக்கம். "கொதிச்ச தண்ணிதானே டாக்டரே, விஷம் ஆவியாப் போயிருக்குமே" என்று கேட்கிறார்கள். சயனைடு ஆவியாகத்தான் போகும். ஆனால் கொதிக்கிற சூட்டில் செத்துப்போவது செடியின் நொதி மட்டும்தான். லினமாரின் சூட்டுக்கு எளிதில் அழியாது, தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். மனிதர்கள் நாம் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கிழங்கைத் தின்கிறோம். மாடு குடித்தால் மிச்ச வேலையை அதன் இரைப்பை செய்துவிடும். அந்தத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிடுங்கள்.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கத்து ஆட்கள் ரப்பரையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் இலையிலும் இருப்பது அதே லினமாரின்தான். புதுத்தளிர் செம்பு நிறத்தில் தளதளவென்று வரும் சமயத்தில் தள்ளிய மரத்தின் கொப்பு தரையில் கிடந்தால், ஆட்டுக்கு அது விருந்து.

சென்ற ஆண்டு ஒரு மாலை, திருவட்டார் அருகே ஒரு வீட்டில் இரண்டு ஆடுகள். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மற்றது வாயைத் திறந்து மூச்சுவாங்கியபடி, நிற்க முடியாமல் பின்னங்கால் பின்னிக்கொண்டிருந்தது. வயிறு உப்பல். என்ன தின்றது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல டாக்டரே, பிலாக்கொழதான் போட்டேன்" என்றார் அந்த அக்கா. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் பளீரென்ற சிவப்பு. செத்த ஆட்டின் வாயைத் திறந்தேன். கடைவாய்ப் பல்லிடுக்கில் சிவந்த இலைக்காம்பு ஒன்று, பாதி மென்றபடி. பலா இலைக்கு அப்படி நீண்ட சிவப்புக் காம்பு ஏது? பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த விளையில ஏறிட்டு. அண்ணன் வந்து சத்தம் போடுவாருண்ணு..." இரண்டாவது ஆடு பிழைத்தது, நேரம் இருந்ததால்.

பக்கத்து விளைக்காரரிடம் சண்டை வரும் என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எங்கள் மருந்தே உங்கள் பதிலைப் பொறுத்துத்தான். சயனைடுக்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் இரத்தக்குழாயில் ஊசியாகப் போடுகிறோம். ஆடு தின்றது சயனைடாக இல்லாமல் நைட்ரேட் என்ற வேறொரு நஞ்சாக இருந்து, அது தெரியாமல் நைட்ரைட் போட்டால் நாங்களே கொன்றதாகிவிடும். (தயோசல்பேட் என்றால் வேறொன்றுமில்லை, பழைய ஸ்டுடியோக்களில் படம் கழுவிய ஹைப்போதான்.)

அறிகுறிகள் தின்ற சில நிமிடங்களிலேயே வந்துவிடலாம்: வேகமான மூச்சு, எச்சில் ஒழுகல், தசைத் துடிப்பு, தள்ளாட்டம், பிறகு விழுந்து வலிப்பு. மூச்சுத் திணறினால் ஈறு நீலம் பாயும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இதில் ஆரம்பத்தில் செக்கச்சிவப்பாக இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, உடலின் உயிரணுக்களால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதைப் பாம்புக்கடி என்று எண்ணி வேர்மருந்து தேடி ஓடுகிறவர்கள் உண்டு. உப்பல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். தள்ளாடும் ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் குழையை எல்லா ஆடுகளின் முன்னாலிருந்தும் அள்ளி அகற்றுங்கள், நெஞ்சு தரையில் படும்படி உட்காரவையுங்கள், உடனே போன் செய்யுங்கள். பக்கத்து மருந்தகம் பூட்டியிருந்தால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. போனிலேயே "மரச்சீனி தின்னிருக்கு" என்று சொல்லிவிட்டால் மருந்தோடு வருவார்கள்.

இவ்வளவு சொன்னதால் மரச்சீனி இலையை எரித்துவிட வேண்டாம். அது நல்ல தீவனம், காய்ந்த இலையில் 20 விழுக்காடு அளவுக்குப் புரதம் உண்டு. பொடியாக நறுக்கி, வெயிலில் மெல்லிய பரப்பாகப் போட்டு, அவ்வப்போது கிளறி, கையில் நொறுங்கும்வரை காயவிடுங்கள். நறுக்கும்போதும் காயும்போதும் சயனைடில் பெரும்பங்கு காற்றில் போய்விடும். காலையில் வெட்டி மாலையில் போடும் வாடிய குழைதான் மிகவும் தப்பு. "வாட்டிப் போட்டேனே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் செய்தது அதைத்தான். தொலிக்கும் இதே வழி. காய்ந்ததையும் முதலில் கொஞ்சமாக, வைக்கோல் தின்று வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள். பசியோடிருக்கும் ஆட்டுக்கு எதுவும் ஆபத்து.

பங்குனியில் பலாப்பழம் இறங்கும்போது வேறு கூத்து. சக்கை மடலையும் அளிந்த பழத்தையும் குவியலாகப் போட்டு, மறுநாள் மாடு அசைபோடாமல் படுத்துக்கிடக்கும். அது சயனைடில்லை, வயிற்றில் புளிப்பேறுவது, வைத்தியமும் வேறு. ஒரு நேரத்துக்குக் கொஞ்சமாகப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காப்பீடு செய்த மாடு செத்துப்போனால், மருத்துவர் பார்த்துப் பிரேதப் பரிசோதனை செய்யும்வரை குழி தோண்டாதீர்கள். காதில் மாட்டிய காப்பீட்டு வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு கிடைப்பது பெரும்பாடு. கழன்று விழுந்திருந்தால் இன்றே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாகப்போகிறது என்று அவசரமாக அறுத்து இறைச்சியைப் பங்குவைக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அந்த இறைச்சியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.