காசு கொடுத்து வாங்கிய அட்டையோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகாதீர்கள்

மறுபடியும் அதே போஸ்டர். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தேசிய அளவிலான ஊடகத் தொடர்பாளர் மாநாடு, விருது வழங்கும் விழா, உறுப்பினர் அட்டை, வண்டிக்கு ஸ்டிக்கர், சான்றிதழ், மதிய உணவு என எல்லாம் ஒரே தாளில். அடியில் பணம் அனுப்ப ஒரு ஜிபே எண். எண்ணைப் போட்டுப் பார்த்தால் வருவது சங்கத்தின் பெயர் இல்லை, ஒரு தனிநபரின் பெயர்.

இதற்குப் பணம் கட்டுகிறவர்கள் யார்? விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்து வேலை தேடும் பிள்ளைகள். தனியார் மருத்துவமனையில் பிஆர்ஓவாக, அதாவது மக்கள் தொடர்பு அலுவலராக, சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்கள். கல்லூரியில் விளம்பரம், சேர்க்கை, பேஸ்புக் பக்கம் என்று மூன்று வேலையை ஒரே சம்பளத்துக்குப் பார்ப்பவர்கள். ஒரு மாத வாடகையை எடுத்துக் கட்டிவிட்டு, கையில் மெமெண்டோவோடு நிற்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "சங்கத்துல இருந்தாத்தான் சார் நாலு பேரைத் தெரியும். கார்டு இருந்தாத்தான் உள்ள விடுவாங்க." இந்த நினைப்பைத்தான் முதலில் உடைக்க வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் செய்தியாளருக்கான அரசு அங்கீகார அட்டையைக் கொடுப்பது அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை. அதை வேலை பார்க்கும் ஊடக நிறுவனத்தின் வழியாகத்தான் கேட்க முடியும். தனியார் சங்கம் எதுவும் அதைக் கொடுக்க முடியாது. மருத்துவமனை பிஆர்ஓவுக்கும் கல்லூரி ஊடகப் பிரிவுக்காரருக்கும் அந்த அட்டை தேவையே இல்லை. கலெக்டர் அலுவலகத்துக்கு நீங்கள் போவது உங்கள் நிறுவனத்தின் ஆளாக. நிறுவனத்தின் அடையாள அட்டையும், எதற்காக வந்தோம் என்று எழுதிய ஒரு பக்கக் கடிதமும் போதும். அங்கே போய் 'பிரஸ்' என்று எழுதிய அட்டையை நீட்டினால் என்ன ஆகும்? வாசலில் நிற்கும் உண்மையான நிருபர் அதைப் பார்ப்பார். அன்றோடு நீங்கள் அனுப்பும் செய்திக் குறிப்பை, அதாவது பிரஸ் நோட்டை, அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். இந்த ஊர்களில் நிருபர்கள் எண்ணிக்கை கைவிரல்களுக்குள் அடங்கும். ஒருவருக்குத் தெரிந்தால் மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும்.

"அரசுப் பதிவு பெற்ற சங்கம் சார், நம்பரே போட்டிருக்கு" என்கிறார்கள். அந்த நம்பர் என்ன நம்பர் என்று பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் வாங்கிய எண்ணாக இருந்தால், அப்படி ஒரு சங்கம் இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரமும் அப்படியே. உத்யம் எண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அது சிறுதொழில் செய்கிறவர் தாமே விவரம் கொடுத்து, கட்டணமே இல்லாமல் இணையத்தில் எடுத்துக்கொள்வது. பத்திரிகைப் பதிவு எண் என்றால், ஒரு பெயரில் இதழ் நடத்தப் பதிந்திருக்கிறார்கள் என்று மட்டுமே அர்த்தம். 2023-ல் வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டத்திலும் இதில் மாற்றமில்லை. வண்டிக்கு ஆர்.சி. இருக்கிறது என்பதால் அதை ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வந்துவிடுமா? சங்கம் பதிவு பெற்றிருப்பது வேறு, அதன் அட்டைக்கு மதிப்பிருப்பது வேறு.

அடுத்த ஏமாற்று, அரங்கு. பெரிய கல்லூரி அரங்கில் நடக்கிறது, ஓய்வு பெற்ற பெரிய மனிதர் வருகிறார், அப்புறம் எப்படிப் பொய்யாக இருக்கும் என்று கேட்கிறார்கள். 2023-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு போலி கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கியது ஊரறிந்த செய்தி. வாங்கியவர்களில் திரைப்பிரபலங்களும் இருந்தார்கள். அரங்கு வாடகைக்குக் கிடைக்கும். பட்டம் கொடுக்கும் அதிகாரம் 1956-ம் ஆண்டு யுஜிசி சட்டத்தின்படி பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே.

எல்லா விருதும் பொய் என்று சொல்லவில்லை. நல்ல போட்டிகளிலும் நுழைவுக் கட்டணம் உண்டு. வித்தியாசம் பணம் எப்போது கேட்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. உங்கள் வேலையை அனுப்பும்போதே கட்டணம் கட்டி, நடுவர்கள் பார்த்து, தோற்கவும் வாய்ப்பு இருந்தால் அது போட்டி. நீங்கள் எதையுமே அனுப்பாமல் 'தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று முதலில் சேதி வந்து, அதன் பிறகு மெமெண்டோ செலவு, பதிவுச் செலவு, போட்டோ செலவு என்று கேட்டால் அது வியாபாரம். பணம் அனுப்பும் முன் நான்கு வேலை செய்யுங்கள். அரங்குக்கே போன் போட்டு அந்தத் தேதியில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவர்கள் யார், எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சென்ற ஆண்டு வாங்கிய இரண்டு பேரிடம் பேசுங்கள். அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கும் ரசீதும் கேளுங்கள். இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் விலகிவிடுங்கள்.

அப்படியானால் சேரத் தகுந்த அமைப்பே இல்லையா? இருக்கின்றன. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம், பிஆர்எஸ்ஐ என்பார்கள், 1958-ல் தொடங்கியது. சென்னையில் கிளை உண்டு. 1968 ஏப்ரல் 21 அன்று தில்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாட்டில் தொழில் நெறிமுறையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடுகிறோம். நிறுவன இதழ்கள், உள்தொடர்பு ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஏபிசிஐ (இந்திய வணிகத் தொடர்பாளர் சங்கம்) 1957 முதல் இருக்கிறது. ஆனால் இவற்றில் சேர்ந்த உடனே வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சந்தேகப்படுங்கள். சேர்ந்தால் கூட்டத்துக்குப் போக வேண்டும். திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குப் பயணச் செலவு வீண். பேச வருகிறவர்களில் இருவரை முன்பே தேர்ந்துகொண்டு, அவர்கள் வேலையைப் பற்றிப் படித்து, ஆளுக்கு ஒரு கேள்வியோடு போங்கள். சந்தித்த இரண்டு நாளுக்குள், என்ன பேசினோம் என்பதை நினைவூட்டி நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். 'வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதாதீர்கள்.

'என் போனில் ஆயிரம் பேர் நம்பர் இருக்கு' என்பவர்களுக்கு ஒரு சோதனை. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் சேதி போய்ச் சேரும். ஒரு பிரஸ் நோட்டை அப்படி அனுப்பிவிட்டு, சேதியின் விவரத்தில் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் தொடர்பு. மற்றதெல்லாம் நீங்கள் குறித்துவைத்த எண்கள். குழு ஒன்று தொடங்கி எல்லோரையும் கேட்காமல் இழுத்துப்போடுவது இதற்குத் தீர்வு இல்லை. நிருபர்கள் அதை உடனே மியூட் செய்வார்கள்.

உங்கள் எண்ணை ஒரு நிருபர் ஏன் சேமிக்க வேண்டும்? நீங்கள் அவர் வேலையைக் குறைத்தால் சேமிப்பார். நம் பக்கத்தில் பெரும்பாலான செய்தியை எடுப்பவர்கள் பகுதி நேர நிருபர்கள். வேறு பிழைப்பும் வைத்துக்கொண்டு, பைக்கில் மூன்று ஒன்றியம் சுற்றுகிறவர்கள். நீங்கள் பிரஸ் நோட்டை லெட்டர்பேடில் அடித்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக அனுப்பினால் அவர் அதை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். செய்ய மாட்டார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அவர் போனில் கோழிக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில், சேதியின் உள்ளேயே, நகல் எடுத்து ஒட்டும்படி அனுப்புங்கள். 150 சொல்லுக்குள் முடியுங்கள். முதல் வரியில் ஊர், நாள், என்ன நடந்தது. தலைவர் குத்துவிளக்கு ஏற்றியது கடைசி வரிக்குப் போகட்டும். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், அச்சில் மங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக, இனிஷியலோடு எழுதுங்கள். பெயர் தப்பாக வந்தால் திட்டு வாங்குவது நிருபர். நாளிதழ்களின் திருச்சிப் பதிப்பில் மாவட்டப் பக்கம் மாலையிலேயே நிரம்பத் தொடங்கும். காலை 11 மணி நிகழ்ச்சிக்கு இரவு 8 மணிக்கு நோட் அனுப்பிவிட்டு, மறுநாள் "ஏன் சார் வரல?" என்று கேட்காதீர்கள். நோட்டின் கீழே நீங்கள் கொடுக்கும் போன் எண்ணுக்கு வரும் அழைப்பை இரவு 9 வரை எடுங்கள். உங்கள் மருத்துவமனையில் ஏதாவது தவறு நடந்த நாளிலும் எடுங்கள். அன்று எடுத்தவரைத்தான் அவர்கள் நினைவில் வைப்பார்கள். நிருபருக்குப் பணம் வைத்த கவர் மட்டும் வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறை செய்தி இல்லை, கவர்தான் பேசும்.

படிப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வழங்கும் எழுத்துத் திறன், பேச்சுத் திறன் வகுப்புகளில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி நேரில் போய் எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும். அரை நாள் உட்கார்ந்து வாங்கும் சான்றிதழோடு இதை ஒப்பிடாதீர்கள், நேர்காணலில் கேள்வி கேட்டால் ஐந்தே நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு தொழில் கற்க இடமில்லை என்று சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி இங்கே இருக்கிறது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வானொலி வேளாண் நிகழ்ச்சிகள் வழியாகத் தஞ்சை விவசாயிகளிடம் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியது. விவசாயி காதால் கேட்டதை நம்பி நாற்று விட்டிருக்கிறார். தகவல் தொடர்புத் தொழிலுக்கு இந்த மண் கொடுத்த நற்சான்று அது. இன்றும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள் எல்லாம் தம் சேதியை எளிய தமிழில் கொண்டுபோக ஆள் தேடும் இடங்கள்தாம். போய்ப் பேசுங்கள்.

ஊர் நாள்காட்டியையும் கையில் வையுங்கள். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஆடிப்பெருக்கு, வேளாங்கண்ணித் திருவிழா, ஐப்பசி சதய விழா, திருவையாறு ஆராதனை. ஆண்டுக்கு ஆறு கிராம சபை, திங்கள்தோறும் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள். அந்தந்த நாளில் எல்லா நிருபரும் அங்கேதான் இருப்பார்கள். அன்றைக்கு உங்கள் கருத்தரங்கை வைத்தால் காலி நாற்காலிதான். 2028-ல் மகாமகம் வருகிறது. கும்பகோணத்தில் விடுதி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் எதில் தொடர்புப் பணி பார்ப்பவரும் இப்போதே மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் அறிமுகமாகியிருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ஒரே ஊரில் வேலை பார்க்கும் ஆறேழு பேர், மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று கலந்து, மாதம் ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு பிரஸ் நோட், அதுவும் அந்த மாதம் அச்சேறாமல் போனது, கொண்டு வாருங்கள். சுற்றிக் கொடுத்து மற்றவர்கள் திருத்தட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டாம். பதவி வந்தால் பேனர் வரும், பேனர் வந்தால் வசூல் வரும்.

அந்தக் கூட்டத்தின் முதல் வேலையாக ஒரு தாள் தயாரியுங்கள். அச்சடித்த தாள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. போனில் வைத்திருந்த எண்கள் சார்ஜ் தீர்ந்ததும் போய்விட்டன. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, உங்கள் தாசில்தார், விஏஓ, மின்வாரிய உதவிப் பொறியாளர், ஆம்புலன்ஸ், நான்கு நிருபர்கள், வானொலி நிலையம். ஒரே பக்கத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒன்று, பையில் ஒன்று. ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன்பு, ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பாருங்கள். மாற்றலாகிப் போனவர்கள் இருப்பார்கள்.

ஏற்கெனவே அட்டைக்குப் பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, போஸ்டர், உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏமாற்று என்று தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கடினம். வண்டியில் ஒட்டிய 'பிரஸ்' ஸ்டிக்கரை இன்றே உரித்துவிடுங்கள். பயோடேட்டாவில் அந்த விருதுக்குக் கொடுத்த வரியை எடுத்துவிட்டு, நீங்கள் எழுதி அச்சில் வந்த இரண்டு செய்திகளின் கத்தரிப்பை அங்கே சேருங்கள்.