மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறும் பழைய ரேஸ் கார்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அப்படி ஒரு நாளில்தான் அண்ணன் மகன் பரணில் கிடந்த சிடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சித்தப்பா, இது ஓடுமா?" 1997-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு 2 எஸ்.இ. என்ற கார் ரேஸ் விளையாட்டு. மலை ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை. துடைத்துவிட்டு, யுஎஸ்பி சிடி டிரைவை இரவல் வாங்கிப் போட்டு, செட்டப்பைத் தட்டினால் இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது என்று வந்து நின்றது. விண்டோஸ் 11.

விளையாட்டு பழுதாகவில்லை. அந்தக் காலத்து விளையாட்டுகள் பல 32-பிட்தான் (ஒரு நிரல் ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவு இது), ஆனால் அவற்றைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலர் அதைவிடப் பழைய 16-பிட். விண்டோஸ் 3.1 வைத்திருப்பவர் தெரியாமல் சிடியைப் போட்டாலும் "உங்களுக்கு விண்டோஸ் 95 வேண்டும்" என்று சொல்லவாவது அது ஓட வேண்டுமே, அதற்காக அப்படி எழுதினார்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை ரயிலை வைத்துச் சொன்னால் புரியும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் 1,676 மி.மீ. அகலப் பாதையில் மேட்டுப்பாளையம் வரைதான் வரும், ஊட்டி மலை ரயிலின் பாதை 1,000 மி.மீ., ஆகவே இறங்கி வண்டி மாற வேண்டும். 64-பிட் விண்டோஸுக்குள் 32-பிட் நிரல்களுக்கு இப்படி வண்டி மாற ஒரு நிலையம் உண்டு, பெயர் வாவ்64. 16-பிட் நிரல்களுக்கு அந்த நிலையமே கிடையாது. விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டும்தான் வருகிறது, எனவே ரசிகர்கள் எழுதி வைத்திருக்கும் 32-பிட் இன்ஸ்டாலரைத் தேட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது.

அடுத்தது படம். இந்த விளையாட்டு பேசத் தெரிந்த வேகமான மொழி கிளைட், 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கானது. அந்தக் கார்டும் இல்லை, கம்பெனியும் இல்லை; 2000 கடைசியில் அதன் சொத்தை என்விடியா வாங்கிக்கொண்டது. ஆனால் ஒரு விஷயம் நமக்குச் சாதகம். தனக்கு வேண்டிய டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்பை ஒரு விளையாட்டு பொதுவாக முதலில் தன் சொந்த ஃபோல்டரில்தான் தேடும், அங்கே இல்லையென்றால்தான் விண்டோஸின் ஃபோல்டருக்குப் போகும். ஆக, கிளைட்2எக்ஸ்.டிஎல்எல் என்ற அதே பெயரில் வேறொரு கோப்பை விளையாட்டின் ஃபோல்டரில் உட்கார வைத்துவிட்டால் போதும், விளையாட்டு கிளைடில் சொல்வதை அது வாங்கி, டைரக்ட்3டி என்ற விண்டோஸின் பட மொழியாக மாற்றி இன்றைய கார்டிடம் கொடுக்கும். என்கிளைட் என்ற நிரல் செய்வது இதைத்தான். டிஜிவூடூ 2 என்ற நிரல் இன்னும் ஒரு படி மேலே, மைக்ரோசாஃப்டின் பழைய டைரக்ட்எக்ஸையும் இப்படியே மாற்றித் தரும். அதில் எக்ஸ்86 (32-பிட்டுக்கானது) ஃபோல்டரில் உள்ள கோப்பைத்தான் எடுக்க வேண்டும். மடிக்கணினி 64-பிட் என்று எக்ஸ்64-ஐ எடுத்துப் போட்டுவிட்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று முழித்தவன் நான். விளையாட்டு 32-பிட், அதன் கூட்டாளியும் 32-பிட்டாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கோளாறு வேகம். சில பழைய விளையாட்டுகள் நேரத்தைக் கணக்கிடுவதில்லை, பிரேமைத்தான், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களைத்தான் எண்ணும். நொடிக்கு 30 பிரேம் என்று நம்பி, மணிக்கு 100 கி.மீ. போகும் காரை ஒவ்வொரு பிரேமிலும் சுமார் 93 செ.மீ. நகர்த்து என்று எழுதியிருப்பார்கள். இன்றைய 144 ஹெர்ட்ஸ் திரையில் அது நொடிக்கு 144 தடவை நடக்கும், காரின் வேகம் மணிக்கு 480 கி.மீ. ஆகிவிடும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் இந்த வேகத்தில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்! நேரத்தை அளக்கிற விளையாட்டுக்கும் தலைவலி உண்டு: மில்லிசெகண்டில் அளந்து, இரண்டு பிரேமுக்கு நடுவே ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாவிட்டால் விடை பூஜ்யம், அந்தப் பூஜ்யத்தால் எங்காவது வகுத்தால் முடிந்தது கதை. பிரேமை அந்த விளையாட்டு எதிர்பார்க்கும் 30-க்கோ 60-க்கோ கட்டிப் போட்டால் இரண்டும் பெரும்பாலும் அடங்கும்.

பழைய நிரல்களுக்காக விண்டோஸில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்று ஒன்று இருக்கிறதே, அதன் முக்கிய வேலை பொய் சொல்வது. "நீ எந்த விண்டோஸ்?" என்று விளையாட்டு கேட்டால் "98" என்று பதில் தரும். சில நேரம் அதுவே போதும்.

இதே வரிசையில் 2005-ல் வந்த மோஸ்ட் வான்டட் சிடி வைத்திருப்பவர்களின் பிரச்சினை வேறு. அதிலிருந்த சேஃப்டிஸ்க் என்ற பூட்டு, சிடி அசலா என்று பார்க்க டிரைவர் என்ற ஒரு துணை நிரலை விண்டோஸின் அடிமட்டத்தில் இறக்கும். அந்த டிரைவரில் 2007-லேயே பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, விண்டோஸ் 10 அதற்கு இடமே கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிதான் ஓடாது! மைக்ரோசாஃப்ட் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், எரிச்சல் அந்தப் பூட்டைப் போட்டவர்கள் மேல்தான்.

இன்ஸ்டால் செய்யும்போது புரோகிராம் ஃபைல்ஸைத் தவிர்த்து சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்றில் போடுங்கள். இந்த விளையாட்டுகள் சேமிப்புக் கோப்பைத் தன் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கும், விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அவற்றுக்குச் சாதாரணமாக அனுமதி கிடையாது. நாங்கள் இதைக் கடைசியில்தான் கவனித்தோம். அதற்குள் அவன் நேபாள மலைப்பாதையில் மூன்று ரேஸ் ஜெயித்திருந்தான். மூன்றும் போச்சு, அப்புறம் கரண்டும் போச்சு.