ஒரு விரலில் தெரியாத குறை

கார்த்திகை பிறந்துவிட்டால் கோத்தகிரியில் என் ஸ்டுடியோவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஹெத்தையம்மன் பண்டிகைக்குள் பாட்டை வெளியிட்டாக வேண்டும் என்று படுகப் பாடல் குழுக்கள் வரும். இன்னொரு பக்கம் கிறிஸ்துமஸ் ஆல்பங்கள். அப்படியொரு நாளில் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை ஹட்டி என்போம்) தம்பி ஒருவன் பென்டிரைவோடு வந்து நின்றான். கோயம்புத்தூர் நண்பர் ஒருவரிடமிருந்து கோர்க் எம்எஸ்-20 மினி என்ற சின்தசைசரை (சுருக்கமாக சின்த்) இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி, அதன் ஸ்வரங்களைப் பதிந்து, அதாவது சாம்பிள் எடுத்து, கணினியில் வாசிக்கத் தானே ஒரு இன்ஸ்ட்ருமென்ட் செய்திருக்கிறான்.

"ஒரு கீ அமுக்கினா சூப்பரா இருக்குண்ணா. கார்டு புடிச்சா குளவிக்கூட்டுல கை வச்ச மாதிரி ஆயிடுது."

கார்டு என்றால் பல கீகளை ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்துவது. யோசனை நல்ல யோசனைதான். எம்எஸ்-20 ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பாடும். 1978-இல் வந்த அசலும் அப்படி, 2013-இல் வந்த மினியும் அப்படி. ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பதிந்து, அந்தப் பதிவுகளைக் கீக்குக் கீ ஒலிக்கவிடும் மென்பொருளான சாம்ப்ளரில் அடுக்கிவிட்டால் அதே குரலில் கார்டு வாசிக்கலாம். எல்லாக் கீயையும் பதிய வேண்டாம், மூன்றுக்கு ஒன்று போதும். மேலே ஒரு கீ, கீழே ஒரு கீ சாம்ப்ளரே சுருதியை ஏற்றி இறக்கி இழுத்துக்கொள்ளும். 37 கீ உள்ள மினிக்கு 13 பதிவு. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் அந்தக் கீபோர்டுக்கு ஒன்றுதான், அதனால் வெலாசிட்டி, அதாவது அழுத்தும் வேகத்துக்கு ஏற்பத் தனித்தனியாகப் பதியும் வேலையும் மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், பதியும்போது நாம் கேட்பது ஒரு ஸ்வரம். வாசிப்பவன் வைப்பது எட்டு விரல்.

அவன் கோப்பு ஒன்றைத் திறந்து ஒலியைக் கூட்டிவைத்து, ஸ்வரம் முடிந்த பிறகு வரும் வாலை மட்டும் கேட்டேன். 'ம்ம்ம்' என்று கரண்ட் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜர், ஆடியோ இன்டர்ஃபேஸ், சின்த் அடாப்டர் மூன்றும் மூன்று பிளக்கில், எர்த் கம்பி பேருக்கு இருக்கும் பழைய வீட்டில். ஒரு ஸ்வரத்தில் அந்த இரைச்சல் காதில் விழாது. ஆனால் சாம்ப்ளர் ஸ்வரத்தை இழுக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே இழுக்கிறது. ஒரு அரைச்சுரம் மேலே போனால் 50 என்பது 53 ஆகும், கீழே வந்தால் 47. கார்டு பிடித்ததும் 47, 50, 53 மூன்றும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். குளவி அதுதான். சும்மா இருக்கும் 'ஸ்ஸ்' இரைச்சல்கூட எட்டு ஸ்வரம் சேர்ந்தால் 9 டெசிபெல் ஏறிவிடும்.

மலையில் அமைதி, ரெக்கார்டிங்குக்கு வசதி என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். சின்த்துக்கு அந்த அமைதியால் ஒரு பயனும் இல்லை. அதன் ஒலி ஒயர் வழியே வருகிறது, மேட்டுப்பாளையம் ரோட்டு லாரி ஹாரன் அதில் ஏறாது. டீ ஃபேக்டரி மோட்டார் ஓட ஆரம்பித்தால், கரண்ட் வழியாக அது ஏறும்.

தம்பியும் இரைச்சலைக் கவனித்திருக்கிறான். ஏதோ வீடியோவைப் பார்த்து, 50 ஹெர்ட்ஸைச் சுற்றி வெட்டி எறிந்திருக்கிறான். அடி ஸ்தாயி 'ஜி' ஸ்வரத்தின் அடிநாதமே 49 ஹெர்ட்ஸ். இரைச்சலோடு பேஸும் போய், அந்த ஒரு கீ மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பதிந்த பிறகு வெட்டுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது சுருதி. இதில் அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பழைய அனலாக் சின்த்தில் ஒலியை உண்டாக்கும் மின்சுற்றான ஆஸிலேட்டர் வெப்பத்துக்கு அசையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரியில் விரலே விறைக்கும். சில வருடங்களுக்கு முன் ரூம் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஒரு அனலாக் சின்த்தைப் பதிந்தேன். காலையில் அடுக்கிப் பார்த்தால் 'சி' ஒரு பக்கம், 'எஃப் ஷார்ப்' ஒரு பக்கம். டியூனரில் 12 சென்ட் வித்தியாசம். அரைச்சுரம் 100 சென்ட், அதில் 12 என்றால் யார் காதுக்கும் உறுத்தும். ஹீட்டர் தானாக நின்று நின்று ஓடியிருக்கிறது. அது ஓடும்போது பதிந்த ஸ்வரங்கள் ஒரு சுருதி, நின்றபோது பதிந்தவை இன்னொரு சுருதி. இப்போதெல்லாம் ஸ்விட்ச் போட்டு அரைமணி நேரம் தொடமாட்டேன். அப்புறம் பகலில், ஒரே உட்காரலில் முடித்துவிடுவேன். இதற்காக ஒவ்வொரு சாம்பிளையும் இம்மி பிசகாமல் டியூன் செய்து வைப்பவர்களும் உண்டு. அதுவும் எனக்குப் பிடிக்காது. இரண்டு சென்ட் முன்னே பின்னே இருக்கட்டும், அந்தக் குரலுக்கு உயிரே அதில்தான்.

லூப்தான் பலரை முட்ட வைக்கும் இடம். கீயைப் பிடித்திருக்கும்வரை ஒலி ஓட வேண்டும், எனவே நடுவில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறோம். 'டக்' சத்தம் வராமல் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். எம்எஸ்-20-இல் இரண்டு ஆஸிலேட்டர். இரண்டையும் லேசாக விலக்கி வைத்தால்தான் அந்த அகலம் வரும், ஒலி மெல்ல அலையடிக்கும். 440 ஹெர்ட்ஸ் 'ஏ'-யில் இரண்டு சென்ட் விலக்கினால் ஓர் அலை சுமார் 2 விநாடி. இரண்டு ஸ்தாயி கீழே, 110-இல், அதே இரண்டு சென்ட்டுக்கு ஓர் அலை கிட்டத்தட்ட 8 விநாடி. தம்பி எல்லா ஸ்வரத்தையும் 5 விநாடி பதிந்திருந்தான். மேல் ஸ்வரங்கள் தப்பித்தன. கீழ் ஸ்வரங்களில் அலை பாதி ஏறியதும் அறுந்து மறுபடி முதலிலிருந்து, விக்கல் மாதிரி. கீழே போகப் போக அதிக நேரம் பதியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், ஓர் அலை முழுதாக முடியும் இடத்தில் வெட்டுங்கள். ஒரு சாயங்காலம் போகும்தான்.

கோரஸ், டிலே, வைப்ரேட்டோ (சுருதி ஆட்டம்) போன்ற ஒலி அலங்காரங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பதிவதே என் வழக்கம். ஸ்தாயிக்கு ஒன்று மட்டும் பதிந்து ஒப்பேற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: 6 ஹெர்ட்ஸில் ஆடும் வைப்ரேட்டோ ஒரு ஸ்தாயி மேலே 12-இல் ஆடும். குளிர் ஜுரத்தில் பாடுவது போலிருக்கும். ஆட்டத்தைச் சாம்ப்ளரில் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

டிஜிட்டல் எந்திரத்துக்குக் கணக்கே வேறு. இங்கே ஒரு சர்ச் மாடியில் யமஹா டிஎக்ஸ்7 சின்த் கிடந்தது, 1983-இல் வந்த மாடல். சாம்பிள் எடுத்துத் தரச் சொன்னார்கள். முதலில் கணக்குப் போட்டேன். 61 கீக்கு 21 பதிவு, வெலாசிட்டி நான்கு அடுக்கு, மொத்தம் 84. வாலோடு ஒன்றுக்கு 14 விநாடி, ஏறக்குறைய 20 நிமிடம் ஒரு பேட்சுக்கு, அதாவது சேமித்து வைத்த ஓர் ஒலி அமைப்புக்கு. அனலாக் போல ஒரே ஸ்வரத்தை இரண்டு மூன்று தடவை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் ரவுண்ட் ராபின் இதற்கு வீண், ஒவ்வொரு தடவையும் அனேகமாக ஒன்றுபோலவேதான் வரும். இதில் இன்னொன்று, டிஎக்ஸ்7 கீபோர்டை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மிடியின் (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) வெலாசிட்டி உச்சமான 127-ஐ எட்டாது. கணினியிலிருந்து 127 அனுப்பிப் பதிந்தால், அந்தக் கீபோர்டில் யார் கையும் வாசித்திராத ஒரு கூர்மை வரும்.

கடைசியில் நான் அதைச் சாம்பிளே எடுக்கவில்லை. உள்ளே இருக்கும் 32 பேட்சுகளை மிடி கேபிளில் கணினிக்கு இறக்கினால் 4,104 பைட், ஒரு சின்னக் கோப்பு. டிஎக்ஸ்7 போலவே ஒலிக்கும் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளில் போட்டால் வாசிக்கலாம். நினைவகத்தைக் காக்கும் பேட்டரி எப்போது சாகும் என்று யாருக்கும் தெரியாது, செத்தால் அவர்கள் வருடக்கணக்காகச் செய்து வைத்த ஒலிகள் போச்சு. எனவே முதலில் அந்த இறக்கம், அப்புறம் புது பேட்டரி. பேட்டரி போர்டில் சால்டர் செய்திருக்கும், தெரிந்தவர் கையில் கொடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்கு என்றால் பின்பக்கத் தகட்டையும் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-இல் செருகிவிடாதீர்கள்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸிலேட்டரிலிருந்து நீங்களே உருவாக்கிய ஒலி வேறு. கோர்க் எம்1, ரோலண்ட் டி-50 போன்றவை தங்களுக்குள்ளேயே பதிவு செய்யப்பட்ட ஒலிகளை வைத்திருக்கின்றன. அவற்றைப் பதிந்து லைப்ரரி என்று விற்பது வேறொருவர் ஒலிப்பதிவை விற்பது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பாட்டில் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனலாக் லைப்ரரியாகவே இருந்தாலும் அட்டையில் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போடாதீர்கள்.

தம்பி மறுபடி கோயம்புத்தூர் போய், கெஞ்சிக் கேட்டு, அதே மினியைக் கொண்டுவந்தான். பகல் 11 மணிக்கு ஆரம்பித்தோம், லேப்டாப் பேட்டரியில். 13 ஸ்வரம், ஒவ்வொன்றும் மூன்று தடவை, 39 கோப்பு. அடுக்கி முடித்ததும் நான் எதுவும் சொல்லவில்லை, அவனே எட்டு விரலையும் வைத்தான். குளவி இல்லை. கையை எடுக்காமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவன், "அண்ணா, நடுவுல ஏதோ 'டொப்'புங்குது" என்றான். தேடினோம். ஏழாவது ஸ்வரத்தின் இரண்டாவது பதிவு, கேபிளில் என் கால் பட்டிருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு, 38-ஐ வைத்துக்கொண்டு பாட்டுக்கு உட்கார்ந்தோம்.