பைல் போட்டாச்சு, அப்புறம் ஏன் சுவர் பிளக்குது?

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "சார், இருபத்திரண்டு பைல் போட்டுக் கட்டின வீடு. இப்போ போர்டிகோ தனியாக் கழண்டு போற மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க."

பைல் என்பது வீட்டைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். மழை விட்டதும் போனேன். போர்டிகோவும் வீடும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. என் சுண்டுவிரல் நுழைந்தது. முன்னறை ஜன்னல் மூலையிலிருந்து இன்னொன்று சாய்வாக, படிக்கட்டு போல, செங்கல் இணைப்புகளைப் பிடித்து இறங்கியிருந்தது. இப்படிச் சாய்வாக ஓடும் வெடிப்பைப் பூச்சு வேலையில் வந்த குறை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வீட்டின் ஒரு பக்கம் இறங்குகிறது என்றுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள்.

ஆசிரியர் மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தார். நேர்மையான மனுஷன், கம்பியிலோ சிமென்ட்டிலோ கை வைக்காதவர். "எத்தனை அடி போட்டீங்க மேஸ்திரி?" என்றேன். "இருபது அடி சார். இந்தப் பக்கம் எல்லாருக்குமே இருபது அடிதான்."

டெல்டாவில் பைல் தொழில் நடக்கிற லட்சணம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. பைலை நாம் அடிக் கணக்கில் வாங்குகிறோம். அடிக்கு இத்தனை ரூபாய், இத்தனை பைல், பெருக்கினால் தொகை. பைலின் கால் எந்த மண்ணில் போய் நிற்கிறது என்று அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இருக்காது.

அந்த மனை சாலையோர நஞ்சை. சாலை மட்டத்துக்கு உயர்த்த வேண்டுமென்று ஒரு சித்திரையில் ஐந்தடி கிராவல் கொட்டி, அடுத்த தையில் கடைக்கால் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். வீடு கட்டி நாலு வருஷம் கழித்து நான் அங்கே மண்ணைச் சோதிக்கப் போர், அதாவது துளை, போட்டுப் பார்த்தேன். மேலே ஐந்தடி நிரப்பிய மண். அதற்குக் கீழே இருபத்தொன்பது அடி வரைக்கும் சாம்பல் நிறக் களி, கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற களி. முப்பதாவது அடியைத் தாண்டிக் கீழே போனால்தான் கெட்டியான மணல். ஆக அந்த இருபது அடி பைலில் ஐந்தடி கிராவலுக்குள், பதினைந்தடி களிக்குள். கால் ஊன்றவே இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. ஐந்தடி கிராவல் என்பது சாதாரண எடை இல்லை. பத்துக்குப் பத்து அறை அளவு இடத்தில் மட்டும் ஏறக்குறைய 25 டன். இரண்டு மாடி வீடு ஒன்றை ஏற்கெனவே அந்த வயல் மேல் இறக்கி வைத்த மாதிரிதான். ஈரக்களி அந்தப் பாரத்தைத் தாங்கித் தன்னிடமுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு அமரும். களி அடுக்கின் தடிமனைப் பொறுத்து இதற்குச் சில வருஷமும் ஆகும், பல வருஷமும் ஆகும். சாதாரணமாக, பைல் கீழே இறங்கப் பார்க்கும்போது சுற்றியுள்ள மண் அதன் உடம்பைப் பிடித்து நிறுத்தும். அதுதான் உராய்வுத் தாங்குதிறன். இங்கே மண் பைலைவிட வேகமாக அமர்கிறது. அதனால் பிடித்து நிறுத்த வேண்டிய மண்ணே பைலைக் கட்டிக்கொண்டு கீழே இழுக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு எதிர் உராய்வு என்று பெயர். வீட்டுப் பாரத்தோடு இந்த இழுவையும் சேர்ந்து பைலின் தலையில் விடிகிறது. வயலை மேடாக்கிக் கட்டுகிற வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த வியாதியைத்தான்.

சரி, போர்டிகோ மட்டும் ஏன் அதிகமாக இறங்கியது? கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை, வாங்கிப் பார்த்தோம். போர்டிகோ நிற்கிற இடத்தில் பழைய கன்னி வாய்க்கால் (சின்னக் கிளை வாய்க்கால்) ஒன்று ஓடியிருக்கிறது. வயலில் ஐந்தடி கிராவல் என்றால் அங்கே எட்டடி. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டிருந்தால் இது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

டெல்டா மண்ணைப் பற்றிப் பேசாமல் பைலைப் பற்றிப் பேச முடியாது. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புரைக்கல்லும். அங்கே சாதாரண வீட்டுக்கு ஆழ அடித்தளத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். (பெரிய கோயிலுக்கு அடித்தளமே கிடையாது, மணலில் மிதக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு அனுப்பாதீர்கள். ஆயிரம் வருஷமாக நிற்கிற கட்டடம் எதன் மேலும் நிற்காமல் நிற்காது.) கிழக்கே நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர் என்று வர வர, காவிரியும் கிளையாறுகளும் வெள்ளத்துக்கு வெள்ளம் கொண்டுவந்து போட்ட படிவுகள். ஆறு ஓடின தடத்தில் மணல், வெள்ளம் தேங்கின இடத்தில் களி, கரையோரத்தில் எக்கல் என்கிற மெல்லிய வண்டல். ஆறு எத்தனையோ முறை தடம் மாறியிருக்கிறது. அதனால் கீழே மணலும் களியும் ஒன்றன் மேல் ஒன்றாக, கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி கிடக்கும். உங்கள் மனையில் முப்பதடியில் வரும் மணல் எதிர் மனையில் நாற்பத்தைந்தடியிலும் வரலாம். "பக்கத்து வீட்டுக்கு இருபதடி போட்டோம், நல்லாத்தானே நிக்குது" என்கிற வாதம் வல்லத்தில் செல்லும். இங்கே செல்லாது.

மண் பரிசோதனை என்றதும் செலவு என்று ஒதுக்குகிறார்கள். பைலுக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. ஆனால் பரிசோதனை செய்தால் மட்டும் போதாது, அது நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். போர் குழிக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு அடிப்பார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த ஆழத்து மண்ணின் மதிப்பெண். மூணு, நாலு என்று வந்தால் சேறு போன்ற களி. ஐம்பதைத் தாண்டினால் அதற்கு மேல் அடிக்கத் தேவையில்லை. கயிற்றைப் பாதி உயரம் மட்டும் இழுத்து விட்டால் சுத்தியல் மெதுவாக விழும், அடிகளின் எண்ணிக்கை கூடும், மோசமான மண் காகிதத்தில் நல்ல மண்ணாகிவிடும். வேலையாட்களின் கை அலுப்பில்கூட இது நடக்கும். ஆழம் கூடக் கூட மதிப்பெண் ஏணிப்படி மாதிரி அழகாக ஏறுகிற அறிக்கையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். டெல்டா மண் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

இன்னொன்று நீர்மட்டம். வைகாசியில் போர் போட்டால் ஆறு காய்ந்து கிடக்கும், தண்ணீர் பதினைந்தடியில் இருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலெல்லாம் ஓட ஆரம்பித்தால் அதே மனையில் மூணடியில் தண்ணீர். மணலுக்குள் நீர்மட்டம் ஏறினால் பைல் இல்லாத, ஆழம் குறைந்த அகலக் கடைக்காலின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோடையில் எடுத்த அறிக்கையை வைத்து மழைக்கால வீட்டைக் கணக்குப் போடக்கூடாது.

இந்தப் பகுதியில் இப்போது பரவலாகப் போடுவது அடியில் குமிழ் விரித்த பைல், அண்டர் ரீம்டு என்பார்கள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்று வளர்த்தெடுத்த முறை. வெயிலில் சுருங்கி மழையில் உப்புகிற மண்ணுக்குக் கீழே, ஈரம் மாறாத ஆழத்தில் குமிழைப் பதித்து வீட்டை நங்கூரம் போட்டு வைப்பதுதான் அதன் சூட்சுமம். அப்படிப்பட்ட மண் ஆழமாகக் கிடக்கும் இடத்தில், பைல்களுக்கான இந்தியத் தர விதிமுறையான ஐ.எஸ். 2911-ன் மூன்றாம் பகுதி குறைந்தது 3.5 மீட்டர் நீளம் கேட்கிறது. பைல்களின் தலைகளை இணைக்கும் கான்கிரீட் பெல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி விடவும் சொல்கிறது. மண் உப்பும்போது பெல்ட்டை முட்டித் தூக்காமல் இருக்கத்தான் அந்தச் சந்து. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்தச் சந்தைச் செங்கல் வைத்து, கலவை போட்டு, கெட்டியாக அடைத்திருந்தார்கள். "காலியா விட்டா வீக்கா இருக்காதா சார்?" பைலுக்குக் கொட்டின காசு அத்தனையும் அந்தச் செங்கல்லோடு போயிற்று.

இதே குமிழ் பைலைத் தளர்ந்த மணலில், தண்ணீருக்குக் கீழே போட முயல்வது அடுத்த கூத்து. குமிழை வெட்டிக் கருவியை வெளியே எடுப்பதற்குள் மணல் சரிந்து குழியை மூடிவிடும். மேலே நிற்பவருக்குக் குமிழ் இருக்கிறது, கீழே இல்லை. அந்த மாதிரி இடத்தில் குழிச் சுவர் சரியாமல் பிடிக்கும் பென்டோனைட் களிக் கரைசலோ இரும்பு உறையோ வைத்து நேரான பைல் போடுவதுதான் சரி.

கான்கிரீட் போடும் அன்றைக்கு வீட்டுக்காரர் களத்தில் இருக்க வேண்டும். குழிக்குள் பத்தடி தண்ணீர் நிற்கும்போது மேலிருந்து சட்டி சட்டியாகக் கொட்டினால், சிமென்ட் கரைந்து மேலே மிதக்கும், அடியில் வெறும் ஜல்லி கிடக்கும். புனல் வைத்த ட்ரெமி குழாயைக் குழியின் அடிவரைக்கும் இறக்கி, கான்கிரீட் அடியிலிருந்து மேலே எழும்பித் தண்ணீரையும் சேற்றையும் தள்ளிக்கொண்டு வரும்படி ஊற்ற வேண்டும். குழாயின் நுனி கடைசிவரை கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். முதலில் மேலே வந்து சேர்கிற சேறு கலந்த கான்கிரீட்டை உடைத்து எறிந்துவிட்டு நல்ல கான்கிரீட்டில்தான் கம்பியைப் பெல்ட்டோடு சேர்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடிய எளிய சோதனை மூட்டைக் கணக்கு. 15 அங்குல விட்டம், 30 அடி ஆழம் என்றால் குழியின் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கன மீட்டர். ட்ரெமி வைத்து ஊற்றும் பைல் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட், அதாவது 8 மூட்டை. ஐந்து மூட்டையில் ஒரு பைல் முடிந்துவிட்டதா? ஒன்று, குழி சொன்ன ஆழம் இல்லை. அல்லது நடுவில் மண் சரிந்து பைலுக்கு இடுப்பு சிறுத்துவிட்டது. இரண்டுமில்லையென்றால் கலவையில் சிமென்ட்டே குறைவு. பதிமூன்று மூட்டை குடித்ததா? பக்கத்து மணல் சரிந்து குழி பெருத்திருக்கிறது. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு நோட்டில் ஆழம், மூட்டை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதி வையுங்கள். சந்தேகப்பட்ட பைலின் தலையில் உணர்கருவியை ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டி, எதிரொலித்து வரும் அலையை வைத்து உள்ளே எங்கே குறை என்று பார்க்க வழி உண்டு. பெரிய கட்டடமானால் பாரச் சோதனை, அதாவது பைல் மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பது, கட்டாயம் கேளுங்கள். பைல் 12 மி.மீ. இறங்குகிற பாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதை நம்பக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். இதையெல்லாம் நெடுஞ்சாலைப் பாலங்களுக்குச் செய்கிறார்கள். கும்பகோணத்தில் எழும்பும் கல்யாண மண்டபங்களுக்குச் செய்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆழம் என்பது ஒருமுறை போட்டு மறந்துவிடுகிற எண்ணும் இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததும், அதே வாரம் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் அதே ஆற்றில் உயர்மின் கோபுரம் சாய்ந்தது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடி மணலை அரிக்கும். ஆற்றுப்படுகை தாழத் தாழ, நாற்பதடியில் வைத்த அடித்தளம் முப்பதடி அடித்தளமாகிவிடும். மணல் அள்ளுவதைப் பற்றிப் பேசும்போது விவசாயிகள் நிலத்தடி நீரைச் சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பாலத்தின் காலையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், போதிய அளவு சொல்லவில்லை. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். அந்த ஊர்க்காரர்கள் நாம்.

ஆசிரியர் வீட்டுக்கு வருகிறேன். வீடு முழுவதையும் தாங்கிப் பிடிக்க, கடைக்காலுக்கு வெளியே மெல்லிய பைல்களை மணல் வரை இறக்கி முட்டுக் கொடுக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டினேன், அவருடைய ஓய்வூதியத்துக்கு அது பெரிய தொகை. முதலில் போர்டிகோவை வீட்டிலிருந்து முழுதாக அறுத்துப் பிரித்தோம், அது இறங்கினால் தனியாக இறங்கட்டும். கூரைத் தண்ணீரைச் சுவரோரம் விழாமல் குழாயில் திருப்பினோம். முன்னறை வெடிப்பின் குறுக்கே மூணு இடத்தில் சின்னக் கண்ணாடித் துண்டுகளைக் கலவையால் ஒட்டித் தேதி எழுதினோம். வெடிப்பு அசைந்தால் கண்ணாடி உடையும்.

மார்கழியில் போய்ப் பார்த்தேன். இரண்டு முழுசாக இருந்தன, ஜன்னலுக்குக் கீழே இருந்தது மட்டும் மயிரிழை விரிசல். புதுத் துண்டு ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். சித்திரையில் மண் காய்ந்த பிறகு மறுபடி போக வேண்டும்.