மாமரத்தில் இலைக்கூடு: முசுறா, அந்தா?

போன மாதம் கொடிகாமத்தில் ஒரு வளவுக்குப் போயிருந்தேன். "தம்பி, மரம் முழுக்கப் புழு பிணைச்சுப் போட்டுது, என்ன மருந்து அடிக்கிறது?" என்று ஐயா கேட்டார். நல்ல காய்ப்புள்ள கறுத்தக்கொழும்பான் மரம். பச்சை இலைகள் பந்து பந்தாகச் சேர்ந்து நின்றன. கொக்கத்தடியால் ஒன்றைத் தட்டினேன். செம்மஞ்சள் முசுறு எறும்புகள் தடி வழியே இறங்கி வந்தன.

விவசாயப் போதனாசிரியராக இந்தத் தடுமாற்றத்தைப் பல வளவுகளில் பார்க்கிறேன். முசுறுக் கூடு, அந்துப்பூச்சிப் புழுவின் கூடு இரண்டுமே பட்டு நூலால் ஆனவை, தடுமாறுவது இயல்புதான். மாவிலையைப் பிணைக்கும் அந்தின் புழு, வாயருகே சுரக்கும் நூலால் இலைகளைக் கட்டி, உள்ளே இருந்தபடி அந்த இலைகளையே சுரண்டித் தின்கிறது. முசுறு இலையைத் தின்பதில்லை. வளர்ந்த முசுறுக்கு நூலும் சுரக்காது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் குடம்பிகளை, அதாவது இளம் புழுக்களை, வாயில் கவ்வி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல அங்கும் இங்கும் தொட்டுத் தொட்டு நூலை ஒட்டுகின்றன. அந்தக் குடம்பி இருக்கிற நூலையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கென்று உறை பின்னாமலே கூட்டுப்புழுவாகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சரி, எப்படி அடையாளம் காண்பது? இலை பச்சையாக, ஓரங்கள் வெள்ளைக் கடதாசி போன்ற படலத்தால் ஒட்டியிருந்தால் முசுறு. இலை சுரண்டப்பட்டுக் காய்ந்து, உள்ளே எச்ச உருண்டைகள் நூலில் சிக்கியிருந்தால் அந்து. முசுறு கைவிட்ட பழைய கூடும் காய்ந்துதான் கிடக்கும், ஆனால் அதில் சுரண்டல் இருக்காது. அந்துக் கூட்டை ஆரம்பத்திலேயே கொப்போடு வெட்டி எரித்துவிடுங்கள்.

முசுறுக்கு மருந்தடித்தால், புழுவையும் தத்திப் பூச்சியையும் பிடித்துத் தின்னும் காவல்காரரை நாமே கொல்கிறோம். சீனாவில் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பே தோடை மரங்களுக்காக இவற்றைக் கூட்டோடு சந்தையில் விற்றிருக்கிறார்கள். ஒரு கெடுதலும் உண்டு: இனிப்பான கழிவுக்காக, மரத்தின் சாற்றை உறிஞ்சும் வெண்மூட்டுப் பூச்சிகளையும் செதில் பூச்சிகளையும் முசுறு பாதுகாக்கும்.

ஐயாவின் மரத்தில் ஒரு கொப்பில் வெண்மூட்டுப் பூச்சி இருந்தது, அதை வெட்டினோம். "காய் பறிக்கேக்க கடிக்குமே" என்றார். ஏணி சாத்தும் பக்கத்தில் இருந்த இரண்டு கூடுகளை இறக்கினோம். மற்றவை அப்படியே நிற்கின்றன.